இராஜம் வாசித்த கொங்கோ

சவப்பெட்டி வாசலில் திரும்பவில்லை. மலர்ச்சாலைக்காரர்கள் இரண்டு பேரும் சாய்த்துப் பார்த்தார்கள், உயர்த்திப் பார்த்தார்கள். லயத்துக் காம்பராவின் கதவுக்கு நேரே மேசை கிடந்தது. அழகமுத்து உள்ளே போய், மேசை மேலிருந்த புத்தகங்களையும் கொப்பிகளையும் அள்ளிக்கொண்டு ஒதுங்கி நின்றான். மேசையை வெளியே தூக்கிய பிறகு பெட்டி உள்ளே வந்தது. பெட்டிக்குள் அவன் பெண்சாதி இராஜம் இருந்தாள். புத்தகங்களை எங்கே வைப்பதென்று தெரியாமல், அடுப்படிக்குப் போய் அரிசி வாளியின் மூடி மேல் வைத்தான்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இராஜத்துக்கு வேலை. ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிற பெண்கள் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டவள். நாற்பத்து மூன்று வயதில் உயர்தரப் பரீட்சை எழுதிப் பாஸானாள். அதோடு நிற்காமல் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டத்துக்கும் பதிந்தாள். சரித்திரம் படித்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆப்பிரிக்கப் பாடத்துக்குப் பரீட்சை. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தவள் பிறகு எழும்பவில்லை. மற்றவர்கள் பார்த்தபோது குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டிருந்ததாம்.

சத்தம் போட்டு வாசித்தால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டே அழகமுத்து கேட்டுக்கொண்டிருப்பான். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு மாலி ராஜாவின் தங்கம் ஒட்டகத்தில் போனதும், பெனின்காரர்கள் பித்தளையில் சிலை வார்த்ததும் அப்படித்தான் தெரிந்தது. வியாழக்கிழமை காலையில் கொங்கோவை வாசித்தாள். பாதியில் அவன் எழுந்துவிட்டான். "மிச்சத்த சாயங்காலம் வாசி, நேரமாச்சு" என்றான். "கேக்க ஒரு ஆளு வேணுமில்ல" என்று அவளும் கொப்பியை மூடிவிட்டாள்.

வெளியே பேச்சு தடித்தது. மகள் தனுஜா வந்து அவன் தோளைத் தொட்டாள். "அப்பா, மாமாவும் சின்ன தாத்தாவும் சண்டை பிடிச்சுக்கிட்டாங்க. கொஞ்சம் வாங்க."

இராஜத்தின் ஒரே தம்பி பழனிமுத்து ஐந்து வருடத்துக்கு முன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவன். தெரணியகலைச் சபையிலிருந்து நாலு பேரோடு வந்திருந்தான். அழகமுத்துவின் சித்தப்பா நல்லையா அவனுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஜெபம் பண்ணாம நான் போகமாட்டேன் மச்சான். எனக்கு இருந்தது ஒரு அக்கா" என்றான் பழனிமுத்து.

"பண்ணு. ஆனா தப்படிக்கிறவங்க போயிருவாங்க, நாங்களும் தூக்கமாட்டோம்" என்றார் நல்லையா. "நீயே சொல்லு அழகமுத்து. ஒம் பொண்டாட்டி."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. காதுக்குள் பஞ்சு அடைத்தது போலிருந்தது.

"அந்த ராஜா வேதத்துல சேந்துட்டாரு" என்றான்.

"எந்த ராஜா?"

"கொங்கோவுல. போர்த்துக்கீசக்காரன் கப்பல்ல வந்தான். ராஜா ஞானஸ்நானம் எடுத்தாரு. ஆனா வேதக்கோயில தாத்தாமாரு கல்லறைக்குப் பக்கத்துலதான் கட்டுனாரு. ஜனங்க அந்தக் கோயிலையே கல்லறைன்னுதான் சொன்னாங்களாம்."

தப்புக்காரர்களில் ஒருவர் தீயில் சூடு காட்டிய தப்பு மேளத்தைக் கீழே வைத்தார். நல்லையா அவன் முகத்தைப் பார்த்தார். கையைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்தார்.

"இவனுக்கு ஏதாச்சும் குடிக்கக் குடுங்க" என்று தனுஜாவிடம் மெதுவாகச் சொன்னார். "புத்தி கலங்கிப்போச்சு." பிறகு பழனிமுத்துவின் பக்கம் திரும்பினார். "சுருக்கா பண்ணி முடிப்பா. மழை வருது."

தான் சரியாகத்தான் பேசினோம் என்று சொல்ல அழகமுத்து வாயெடுத்தான். பிறகு விட்டுவிட்டான். சபைக்காரர்கள் கண்ணை மூடி ஜெபித்தார்கள். அது முடிந்ததும் தப்பு முழங்கியது. முன்பக்கம் நல்லையாவும் பழனிமுத்துவும் தோள் கொடுத்தார்கள். ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. மலைப்பாதையில் பெட்டி ஒரு பக்கம் சரிந்தபடியே போனது. ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த மயானத்தில் அழகமுத்து மூன்று பிடி மண் போட்டான். போடச் சொன்னபோது போட்டான், போதும் என்றபோது நிறுத்தினான்.

குளித்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தான். தனுஜா வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அவிசாவளையில் கார்மெண்டில் வேலை செய்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவாள்.

"அம்மா வாசிச்சதா அப்பா அது?"

"ம்."

"சொல்லுங்களேன்."

"மொதல்ல செம்பு, யானைத் தந்தம், பனை நாருல நெய்ஞ்ச துணி, இதெல்லாந்தான் யாவாரம். அப்புறம் ஆளுங்களையே புடிச்சிட்டுப் போக ஆரம்பிச்சுட்டான். ராஜா வீட்டு ஆளுங்களையும் விடல. ராஜா போர்த்துக்கீச ராஜாவுக்குக் கடிதாசி எழுதுனாரு. யாவாரிங்க வேணாம், சாமியாருங்கள அனுப்பு, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாருங்கள அனுப்பு, டாக்டரையும் மருந்தையும் அனுப்புன்னு."

"அனுப்பினாங்களா?"

அவன் தேத்தண்ணியைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

"அதுவரைக்குந்தான் கேட்டேன்" என்றான்.

மழை வலுத்தது. வாசலுக்கு மேல் கட்டியிருந்த நீலத் தறப்பாளில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. அவன் எழுந்து, ஈக்குமாற்றுக் கட்டையால் அதை அடியிலிருந்து தள்ளினான். தண்ணீர் மொத்தமாக ஓரத்தில் கொட்டியது. மறுபடி தேங்கும்வரை கட்டையைப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.