பிள்ளைவாள் மூக்கில் மூன்று புள்ளி

குறுக்குத்துறையில் துணி வெளுக்கும் ஐயம்பெருமாளுக்குப் படம் பிடிக்கிறவர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. ஊரை இருட்டுக்குள்ளே உட்காரவைத்துப் பிழைக்கிறவன் எப்படி யோக்கியனாக இருப்பான்? ஆனாலும் திரைக்கு வெள்ளைத்துணி கேட்டு அவர்கள் புகையிலைக் கட்டோடு வந்து நின்றால், இல்லையென்று சொல்ல வாய் வராது.

அந்தத் துணி அவருடையதில்லை. ஆவுடைநாயகம் பிள்ளை வீட்டு வேட்டிகள். இரண்டாக மடித்து, நான்கைச் சேர்த்துத் தைத்தால் திரை. பிரித்து வெளுத்துத் திருப்பிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? தெரிந்தால்தான் தொலைந்தது. பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் தெருவில் பன்னிரண்டு வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். ஐயம்பெருமாள் வீட்டில் உலை கொதிக்காது.

அந்த வருஷம் திருநெல்வேலியில் இரண்டு பேர் கொடிகட்டிப் பறந்தார்கள். பாளையங்கோட்டை இஸ்ரவேல், படப்பெட்டியை எட்டத்தில் நிறுத்திவிட்டு, ஆறு, மலை, மாடு எதுவானாலும் தானாக அசைகிறவரை காத்துக் கிடப்பார். மேலப்பாளையம் முகம்மது சுல்தானுக்கு மனுஷ மூஞ்சிதான் வேண்டும். மூக்கு மயிர் தெரிகிற அளவுக்குக் கிட்டே போவார். எவர் உசத்தி என்று டவுண் முழுக்கச் சண்டை.

முதலில் கூடாரத்தில் இஸ்ரவேல் படம் ஓடியது. தைத்த அவசரத்தில் ஒரு வேட்டி திரும்பிக்கொண்டதால், மூலையில் ஒளிந்திருக்கவேண்டிய, சேங்கொட்டைச் சாற்றால் போட்ட சலவைக் குறி நட்டநடுவில் வந்து நின்றது. பிள்ளை வீட்டுத் துணிக்கென்று ஐயம்பெருமாள் போடும் மூன்று புள்ளியும் ஒரு கோடும். சனங்களோ, "மலைக்கு மேல பருந்தையும் சேத்துல்லா பிடிச்சிருக்காரு!" என்று கைதட்டினார்கள். பருந்தாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஐயம்பெருமாள் தையலைப் பிரிக்கவில்லை. சோம்பல்தான்.

மறுநாள் விளக்கு வைத்ததும் அதே துணியில் சுல்தானின் படம். முன்வரிசையில் ஆவுடைநாயகம் பிள்ளை! படமென்றால் காறித் துப்புகிற மனுஷர் ஏன் வந்தார் என்று படம் ஓடியதும் விளங்கிவிட்டது. திரை முழுக்க அவர் மூஞ்சிதான். மூக்கு நுனியில் மூன்று புள்ளி, ஒரு கோடு.

"பிள்ளைவாளுக்குப் பாய் மூக்குத்தி போட்டுட்டாருவே!" என்று பின்னாலிருந்து சுல்தான் கட்சிக்காரன் தாவூது கத்தினான். கூடாரமே சிரித்தது.

பிள்ளை எழுந்துவிட்டார். தினமும் இடுப்பில் செருகும்போது பார்க்கிற குறி ஆயிற்றே.

"ஏலே ஐயம்பெருமாளு! அது என் வேட்டிதானலே?"

ஐயம்பெருமாள் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். குறியைப் போட்டவரே அதை இல்லையென்று சொல்லமுடியுமா?

"ஆமா எசமான். எசமான் மொகத்தப் போயி அடுத்தவன் வேட்டியிலயா விழ விடுவேன்?"

பிள்ளை யோசித்தார். எவனோ ஒருத்தன் இடுப்பில் கட்டி அவிழ்த்த துணியில் தன் முகம் விழுவதா? நினைக்கவே உடம்பு கூசியது. பைய உட்கார்ந்தார்.

"நாளைக்கும் என் வேட்டியத்தான் கட்டணும். குறிய மட்டும் ஓரத்துக்குத் தள்ளுலே."

வெளியே வந்ததும் ஐயம்பெருமாளைத் தாவூது விடவில்லை. "இப்பச் சொல்லும்வே, இஸ்ரவேலா, சுல்தானா?"

"இஸ்ரவேலுதான்வே. அந்த ஆளு படத்துல களவாணி பருந்தாப் பறந்து தப்பிச்சிருதான். உம்ம பாய் கிட்டப் போயி மோந்துல்லா பாக்காரு!"