பூசணிக்காய் விழுந்த நேரம்

டைப்ரைட்டிங் வகுப்பில் மாஸ்டர் எங்களைத் தினமும் ஒரு பக்கம் டைரி எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதி வைத்ததை மாலை வகுப்பில் அடித்துப் பழக வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். தப்பு சித்தப்பாவுடையதா, என் கணக்கிலேயே ஓட்டையா என்று இன்னும் பிடிபடவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் ஆதிநாதன் சித்தப்பா வீட்டில் மட்டும்தான் டிவி இருக்கிறது. மெட்ராஸிலிருந்து வருவது திருவண்ணாமலைக்கு எட்ட வேண்டுமே, அதற்காக மொட்டை மாடியில் முப்பது அடி இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா கட்டியிருக்கிறார். காற்றடித்தால் குழாய் திரும்பிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை படம் முடியும்வரை ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு வருடமாக அந்த ஒருவர் வேடியப்பன், சித்தப்பாவின் கடலை மண்டியில் மூட்டை தூக்குபவர். படம் கலைந்தால் கூடத்தில் இருப்பவர்கள் கத்துவார்கள். தெளிவாக இருந்தால் யாரும் கத்த மாட்டார்கள். சத்தம் வராதவரை சரியாகப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். மாடிக்கு அதுதான் சட்டம். இரண்டு வருடத்தில் வேடியப்பன் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.

போன வாரம் டிவியில் அடுத்த ஞாயிறு ஒரு பழைய நகைச்சுவைப் படம் என்று அறிவித்தார்கள். மண்டியில் நான் அந்தப் பேரைச் சொன்னதும் வேடியப்பன் தூக்கிய மூட்டையை அப்படியே இறக்கிவிட்டார்.

"தம்பி, அதுல நான் கீறேன்."

எதிர்வீட்டுப் பச்சையம்மாள் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாய்யா வேடி, கதாநாயகனா?"

"சந்தை சீனுல, தலையில பூசணிக்கா வெச்சிக்கினு வருவேன். ஹீரோ வந்து இடிச்சிடுவாரு. காய் என் கால் மேலயே வுழும். நான் ஒத்தக் கால்ல குதிப்பேன்."

"அய்ய, பூசணிக்கா ஸ்டாரு! சொல்லவே இல்லியே!"

அவர் சிரிக்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஸ்டூடியோ ஒன்றில் பலகை தூக்கியபோது இவரைப் பிடித்து கேமரா முன்னால் நிறுத்தினார்களாம். படம் நம் ஊர்க் கொட்டகைக்கு வந்த வாரம் இவர் பெங்களூரில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். திரும்பி வருவதற்குள் கொட்டகையிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். "வூட்ல கூட யாரும் நம்பல தம்பி. ஒரு வாட்டி என் கண்ணால பாத்துட்டா போதும்" என்றார்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் சொன்னபடி அந்தக் காட்சி மூன்றாவது ரீலில் வருகிறது. ஐந்தரைக்குப் படம் தொடங்கினால் ஐந்து ஐம்பதுக்கும் ஆறுக்கும் நடுவில் வரும். நாங்கள் சமணர்கள், இருட்டிய பிறகு சாப்பிட மாட்டோம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது சித்தப்பாவின் வழக்கம். தை மாதத்தில் அவர் சரியாக ஐந்தே முக்காலுக்கு உள்ளே போய் இலையில் உட்காருவார். சாப்பிடும்போது அவரும் பேச மாட்டார், வீட்டிலும் யாரும் பேசக்கூடாது. அந்தக் கால் மணி நேரம் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்து அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். அப்போது நான் மாடிக்குப் போய்க் குழாயைப் பிடித்தால் வேடியப்பன் கூடத்தில் உட்காரலாம். எனக்கு மறுநாள் காலைவரை பட்டினி. பரவாயில்லை. சித்தப்பாவிடம் முன்கூட்டியே கேட்டிருக்கலாம்தான். வேண்டாம் என்றுவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு வேடியப்பனைக் கீழே அனுப்பினேன். குழாயைப் பிடித்ததும் "கலங்குது, கலங்குது" என்று கூடத்திலிருந்து கத்தினார்கள். கிழக்கே ஒரு விரல் அளவு திருப்பினேன். "ஆங், அப்படியே!" என்றார் வாட்ச் ரிப்பேர் அன்வர் பாஷா. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. காற்று பலமாக அடித்தது. கை மரத்தும் குழாயை விடவில்லை. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஒருமுறை "தெரியுதா?" என்றேன். பதில் இல்லை. சாப்பாட்டு நேரம், வாய் திறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். சத்தம் இல்லை, ஆகவே படம் தெளிவு. ஆறு ஐந்துவரை அப்படியே நின்றேன். சந்தோஷமாக நின்றேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

இறங்கி வந்தேன். டிவியின் மரக்கதவு சாத்திப் பூட்டியிருந்தது. வேடியப்பன் அதற்கு எதிரே தரையில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ மேல போன ரெண்டாவது நிமிசமே உங்க சித்தப்பா உள்ள இருந்து திரும்பி வந்தாரு" என்று பச்சையம்மாள் கிசுகிசுத்தாள். "இவரப் பாத்தாரு. அணைச்சாரு, பூட்டுனாரு. யாரும் சத்தம் போடக்கூடாதுன்னு கை காட்டிட்டு சாப்பிடப் போயிட்டாரு."

"எனக்கு ஒரு குரல் குடுக்கக் கூடாதாங்க?" என்று வேடியப்பனைக் கேட்டேன்.

"மொதலாளி சாப்பிடறாரே தம்பி" என்றார்.

சித்தப்பா கை துடைத்துக்கொண்டே வந்தார். நான் அவர் எதிரில் போய் நின்றேன். "ஏன் சித்தப்பா அணைச்சீங்க?"

"செட்டு சூடாவுது. ரெஸ்ட் குடுக்க வேணாமா?"

"தினமும் குடுக்கறீங்களா? இன்னிக்கு அவரோட சீன்..."

"மூட்டை தூக்கறவன் நடுக்கூடத்துல உக்காந்து பாக்கறதுக்கா நான் டிவி வாங்கினேன்? அந்தப் படத்த இன்னொரு வாட்டி போடுவான், அப்ப பாத்துக்கட்டும்."

முப்பது வருடத்துக்கு ஒருமுறை வருவதை இன்னொரு வாட்டி என்கிறார்!

அவர் கதவைத் திறந்து டிவியைப் போட்டார். திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. "வேடியப்பா, மேல போ."

வேடியப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னிக்கு ஆவாதுங்க மொதலாளி." வாசலுக்கு நடந்தார்.

"ஜீவா, நீ போடா."

"நானும் போமாட்டேன்" என்றேன். சித்தப்பாவிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. வேடியப்பன் பின்னாலேயே தெருவில் இறங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியில் ஏறி நின்றார். குழாயை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"தெரியுதா?"

தெருவிலிருந்தே கூடம் தெரிந்தது. திரையில் ஒரு மனித உருவம்கூட இல்லை. அன்வர் பாஷா கத்த வாயெடுத்தார். பச்சையம்மாள் அவரைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். சித்திகூட ஒன்றும் சொல்லவில்லை.

"டேய் ஜீவா, தெரியுதாடா?"

நான் பதில் சொல்லவில்லை. சத்தம் இல்லாததால் சித்தப்பா குழாயை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றார்.