பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில்

எங்கள் ஊரில் ஒருவரை வீடு மாற்ற வேண்டுமென்றால் கோப்பறைக்குப் போக வேண்டும். அவருடைய கோப்பு எந்த வீட்டு அடுக்கில் இருக்கிறதோ, அந்த வீட்டில்தான் அவரும் இருப்பார்.

அப்பா போன பிறகு அம்மா பழைய வீட்டு அடுக்கில் தனியாக இருந்தாள். அவளை என் வீட்டுக்கு மாற்றப் போனேன். அடுக்கைப் பார்த்தேன். அம்மா இருந்தாள். கை நீட்டினேன்.

அடுக்கின் மறுபக்கம் சுகந்தி அக்கா நின்றிருக்கிறாள். அவளும் பார்த்திருக்கிறாள். தன் வீட்டுக்கு மாற்ற அவளும் கை நீட்டியிருக்கிறாள்.

கோப்பு காணாமல் போனது. அம்மா வெளியே நடைவழியில் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். அவளுடைய வலது கை என் பிடியில் இருந்தது. இடது கை அக்காவின் பிடியில்.

எழுத்தர் திரவியம் வந்து பார்த்தார். கொட்டாவி விட்டார்.

“அறையைப் பூட்டிட்டு எடுத்தீங்களா?”

“அம்மா இருக்காங்களான்னு பார்த்துட்டுத்தான் சார் எடுத்தேன்.”

“உங்க அக்காவும் பார்த்துட்டுத்தான் எடுத்தாங்க. பாக்குறதுக்கும் எடுக்குறதுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு. அம்மா இப்ப அதுல நிக்கிறாங்க. ஒருத்தர் பூட்டிக்கிட்டு வேலையை முடிக்கணும். அதுவரைக்கும் அடுத்தவர் வெளிய நிக்கணும்.”

“இப்ப என்ன செய்யறது?”

“யாராவது ஒருத்தர் விடணும்.”

“நீ விடுடா,” என்றாள் அக்கா. “நான் மாடியில ரூமே கட்டிட்டேன்.”

“நீ விடுக்கா. நான் கட்டில் வாங்கிட்டேன்.”

நடைவழி நீண்டுகொண்டே போனது. வெயில் ஒவ்வொரு சன்னலாக நகர்ந்தது. அம்மாவுக்குக் கால் வலித்தது. எந்த வீட்டிலும் இல்லாதவர் உட்கார முடியாது என்றார் திரவியம்.

அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கையை விட்டேன். அதே நொடியில் அக்காவும் விட்டாள். அவள் விட்டதைப் பார்த்து நான் பிடித்தேன். அவளும் பிடித்தாள். மறுபடி விட்டோம். மறுபடி பிடித்தோம். கை ஓய்ந்துபோனது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?” என்றாள் அம்மா.

அடுத்த முறை விட்டபோது அவள் கைகளைத் திருப்பித் தரவில்லை. கோப்பறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

திரவியம் கதவைத் தள்ளிப் பார்த்தார்.

“சரியா பூட்டியிருக்காங்க. இனி குழப்பம் வராது.”

“எப்ப திறப்பாங்க?”

“அவங்க வேலை முடிஞ்சதும்.”

அக்காவும் நானும் சுவரில் சாய்ந்து நின்றோம். உள்ளே ஒரு நாற்காலி இழுபட்டது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. பிறகு அம்மா உட்காரும் பெருமூச்சு கேட்டது.