ஐந்தாவது மஞ்சள் அட்டை

அதெரித்தோ இதுவரை வாங்கிய மஞ்சள் அட்டைகளைச் சேர்த்து ஒட்டினால் ஒரு சின்னப் படகுக்கே வர்ணம் பூசிவிடலாம் என்று சல்கெய்ரா ஊர் மீன் ஏலக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். பதினாறு வருஷக் கால்பந்தாட்டத்தில் நூற்றுப் பதினெட்டு அட்டை. கோல் என்று கேட்டால் ஏழு. அவன் நடுக்களத்து ஆள். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கி, பக்கத்தில் நிற்கிற கெட்டிக்காரனிடம் தள்ளிவிட்டு, அடுத்த பந்தைப் பிடுங்கப் போய்விடுவான். கல்யாணச் சமையலில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவனைப் போல. சாப்பாடு நன்றாக இருந்தால் அவன் பெயரை யாரும் கேட்பதில்லை. தீய்ந்தால் மட்டும் கேட்பார்கள்.

அவர்கள் வீட்டுக்கே லாப்பா என்று பட்டப்பெயர். பாறையோடு ஒட்டிக்கொண்டு கத்தி வைத்தாலும் வராத சிப்பிக்கு அந்தக் கரையில் அதுதான் பெயர். பதினான்கு வயதில் போர்த்தோவில் ஒரு பெரிய கிளப் அவனைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. பதினெட்டில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அதன் பிறகு இரண்டாம் பிரிவில் ஐந்தாறு கிளப், சைப்ரஸில் இரண்டு வருஷம், ருமேனியாவின் பனியில் ஒன்றரை, அங்கோலாவில் ஒன்று. இடது முழங்காலை இரண்டு தடவை அறுத்துத் தைத்தார்கள். முப்பத்து நாலு வயதில், ஊர் சுற்றிய பை ஒன்றோடு சொந்த ஊர் கிளப்புக்கே வந்து சேர்ந்தான்.

இப்போது அவனுக்கு ஒரு மஞ்சள் அட்டை வேண்டும். நாளைய ஆட்டத்திலேயே வேண்டும்.

அதற்கு அடுத்த ஞாயிறு கடல் மாதா திருவிழா. மாதாவின் சப்பரத்தைப் பதினாறு பேர் தூக்குவார்கள். பதினாறு வீடு, வீட்டுக்கு ஒரு தோள். இன்ன கம்பில் இன்ன வீடு என்பது கோயில் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. ஒரு வருஷம் எந்த வீட்டிலிருந்து தோள் வரவில்லையோ, அந்த வீட்டின் இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். போனது போனதுதான். அப்பா ஜசிந்தோ முப்பத்தோரு வருஷம் விடாமல் தூக்கியவர். போன மாதம் குடலிறக்கத்துக்கு அறுவை செய்து, இருமினாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் வேறு ஆண் கிடையாது, அதெரித்தோவைத் தவிர.

அதே ஞாயிறு, அதே மத்தியானம், மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் அவனுக்கு ஆட்டம்.

கோச் வல்தெமாரிடம் விடுப்புக் கேட்பதில் பயனில்லை. சொந்தப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு லீவு கேட்ட கோல்கீப்பரிடம் பிப்ரவரியில் அவர் சொன்னது அணி முழுக்கத் தெரியும். "ஞானஸ்நானம் ஜூன்லயும் குடுப்பாங்க. புள்ளை எங்கயும் ஓடிராது." ஆக ஒரே வழிதான். லீக்கில் ஐந்து மஞ்சள் சேர்ந்தால் அடுத்த ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். கோச்சாலும் தடுக்க முடியாது. அதெரித்தோ கணக்குப் போட்டு வைத்திருந்தான். இந்த வருஷம் நாலு ஆகியிருக்கிறது.

"பதினாறு வருஷமா கேக்காமலே குடுத்தானுங்க. இப்ப ஒண்ணு வாங்கத் தெரியாதா ஒனக்கு?" என்றாள் அவன் அக்கா கிராசியெத். சனிக்கிழமை காலை, அவள் கடையில் நின்றுகொண்டிருந்தான். பேச்சுக்கு நடுவே அவள் கை நிற்கவில்லை. சாளையின் தலையைத் திருகுவதும் குடலை எறிவதுமாக இருந்தாள்.

"சும்மா கிடைக்குமா அக்கா? யார் காலையாவது வாரணும்."

"ஒடச்சிராத. அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா."

"நீயே தூக்கிரேன் சப்பரத்தை. என்னைவிட ஒனக்குத்தான் தோள் இருக்கு."

"கேட்டேனே சாமியார்கிட்ட. பொம்பளை தோள் வழக்கத்துல இல்லையாம். நாப்பது கிலோ மீன் பெட்டியை விடியக்காலையில இருந்து தூக்கற தோளு, மாதாவுக்கு மட்டும் ஆகாதாம்." அவள் ஒரு குடலைக் கொஞ்சம் வேகமாகவே எறிந்தாள்.

வரிசையில் அடுத்து இருப்பது நண்டு வீடு. ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிறார்கள். அந்த வீட்டு செராஃபிம் அந்த நேரம் பார்த்துக் கடைப்பக்கம் வந்தான்.

"லாப்பா, அடுத்த ஞாயித்துக்கெழமை மலைக்குப் போறியாமே. நல்லா ஆடு. மாதாவை நாங்க பாத்துக்கறோம்."

"பாக்கறதுன்னா பாருய்யா, யாரு வேண்டாங்கறா? மெழுகுவத்தி பிடிக்கற வரிசையில நின்னு பாரு" என்றாள் கிராசியெத். "நண்டுக்குப் பக்கவாட்டுலதான் நடக்க வரும். சப்பரத்தைக் கொண்டுபோய்க் கடல்ல எறக்கிருவே."

ஏலக்கூடமே சிரித்தது. செராஃபிமும் சிரித்துவிட்டு அரை கிலோ கணவாய் வாங்கிக்கொண்டு போனான். அவன் சிரித்ததுதான் அதெரித்தோவுக்குப் பயமாக இருந்தது. இடம் கைக்கு வந்துவிட்டது என்று நம்புகிறவன் சிரிக்கிற சிரிப்பு அது.

மறுநாள் ஆட்டம் லேசானதல்ல. ஜெயித்தால் சல்கெய்ரா இந்தப் பிரிவிலேயே தப்பித்து நிற்கும். இல்லாவிட்டால் கடைசி ஆட்டம் வரை கழுத்தில் கயிறுதான். கடல் காற்று கோல்கீப்பரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நடுவர் பெலர்மீனோ. அவருக்கு இதுதான் கடைசி வருஷம். அதெரித்தோவின் நூற்றுப் பதினெட்டு அட்டையில் பதினொன்று அவர் கொடுத்தது. அவரைப் பார்த்ததும் அதெரித்தோவுக்கு நிம்மதியாகிவிட்டது. பழைய கடைக்காரர், கேட்ட சரக்கு கிடைக்கும்.

ஒன்பதாவது நிமிஷம் எதிரணியின் நெட்டையன் ஒருவனை மண்ணோடு சேர்த்து வாரினான். பெலர்மீனோ ஊதிக்கொண்டு ஓடிவந்தார். கை பாக்கெட்டுக்குப் போகவில்லை.

"பாத்து ஆடுப்பா" என்றார்.

"ஐயா, அது அசிங்கமான ஃபவுல்."

"எனக்குத் தெரியாதா? எந்திரிச்சிப் போ."

முப்பதாவது நிமிஷம், பந்து வெளியே போனதற்கு அவர் மூக்குக்கு நேரே நின்று கத்தினான். கண் தெரியவில்லையா என்று கேட்டான். கண்ணாடிக் கடையில் தனக்கு ஆள் தெரியும் என்றான். அவர் காதில் விழாதவர் மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார். இரண்டாவது பாதியில், ஃப்ரீ கிக்குக்கு வைத்திருந்த பந்தை எட்டி உதைத்தான். அது கூட்டத்துக்குள் போய் கிராசியெத்தின் மடியில் விழுந்தது. அவள் அதைத் துண்டால் போர்த்தி அதன்மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கடைக்காரிகள் அவளைச் சுற்றிக் கோட்டை கட்டினார்கள். பந்தை மீட்க முழுசாக ஒரு நிமிஷம் ஆயிற்று.

பெலர்மீனோ அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்கு மூக்கு இல்லைனு நெனைச்சியா? கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அட்டை வாங்கிட்டு வீட்டுக்கு ஓடற பயலுகளை இருபது வருஷமா பாத்துட்டிருக்கேன். நாலு வச்சிருக்கே, அஞ்சாவது வேணும். அதானே?"

"அப்படியெல்லாம் இல்ல ஐயா."

"நீ கேக்கறே பாரு, அதுக்காகவே குடுக்க மாட்டேன். போய் ஆடு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நடுவர் அவனிடம் இரக்கமில்லாமல் நல்லவராக நடந்துகொண்டார்.

எண்பத்தாறாவது நிமிஷம், இரு பக்கமும் கோல் விழாமல் இருக்கும்போது, அது நடந்தது. கார்னர் பந்து ஒன்று காற்றில் வளைந்து வந்து, குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த அதெரித்தோவின் பிடரியில் பட்டு, வலைக்குள் போய்விட்டது. கோல். அவனுக்கே இரண்டு நொடி கழித்துத்தான் தெரிந்தது. மற்றவர்கள் அவன்மேல் பாய வந்தபோது அவன் அங்கே இல்லை. சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு நேராகப் பெலர்மீனோவிடம் ஓடிக்கொண்டிருந்தான். கோல் போட்டுச் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை. சட்டம் அது. அதில் நடுவரின் மனசுக்கு வேலையில்லை.

பெலர்மீனோ அவனுடைய வெற்று மார்பை மேலும் கீழும் பார்த்தார். வாய்க்குள் சிரித்தபடி அட்டையை எடுத்தார். "ஜெயிச்சிட்டடா, படுபாவி."

தண்ணீர் குடிக்க பெஞ்சுப் பக்கம் போனான் அதெரித்தோ. முகத்தை முடிந்த அளவு சோகமாக வைத்துக்கொண்டான்.

"மன்னிச்சிருங்க கோச். சந்தோஷத்துல கழட்டிட்டேன். அஞ்சாவது ஆயிருச்சு, அடுத்த வாரம் நான் இல்ல."

கோச்சின் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் ஃபைலோடு உட்கார்ந்திருந்த தோனா ஒலிந்தா தலையை நிமிர்த்தினாள். கிளப்பின் காகிதம் அத்தனையும் இருபத்தைந்து வருஷமாக அவள் கையில்தான்.

"எது அஞ்சாவது?" என்றாள். ஒரு விரலை எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினாள். "அக்டோபர்ல வாங்கினியே, அது கப் ஆட்டம். அதைத் தனியா எழுதணும். லீக்ல ஒனக்கு மூணுதான் இருந்திச்சு. இது நாலாவது. வர்ற ஞாயித்துக்கெழமை காலையில எட்டு மணிக்கு பஸ், நேரத்துக்கு வந்து சேரு."

"அப்பாடா" என்று கோச் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

அதெரித்தோ தண்ணீரை விழுங்க மறந்து நின்றான். பதினாறு வருஷம் அட்டை வாங்கியே பிழைத்தவன், கப் அட்டையை லீக் கணக்கில் சேர்த்திருக்கிறான். ருமேனியாவில் ஒருத்தன் இதே தப்பைச் செய்தபோது அவனை ஒரு மாதம் கிண்டல் பண்ணியதே இவன்தான்.

கூடுதல் நேரம் நாலு நிமிஷம் என்று பலகை காட்டினார்கள். வழி ஒன்று மிச்சம் இருந்தது. இன்னொரு மஞ்சள் வாங்கினால் இரண்டும் சேர்ந்து சிவப்பு. அடுத்த ஆட்டம் கட்டாயம் வெளியே. விசில் ஊதி ஆட்டம் நின்றபோது பந்து அவன் காலடியில் வந்து நின்றது, உதைத்து எறியச் சொல்கிற மாதிரி. எறியலாம். ஆனால் பத்துப் பேரோடு நாலு நிமிஷம் தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு கோல் வாங்கினால் போச்சு. அணி கீழே இறங்கினால் பாதிப் பேருக்கு அடுத்த வருஷம் ஆட இடம் கிடையாது. அவர்கள் வேர்வையில் நனைந்து, மூச்சிரைக்க, அவன் போட்ட கோலைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தார்கள்.

'நண்டு வீட்டுக்கே போகட்டும், போ' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பந்தைப் பக்கத்து ஆளிடம் தள்ளினான். அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நிமிஷம் வெறிகொண்டு ஆடினான்.

கடைசி நிமிஷத்தில் சல்கெய்ராவின் தடுப்பாட்டக்காரன் வழுக்கி விழுந்தான். அந்த நெட்டையன் பந்தைப் பறித்துக்கொண்டு தன்னந்தனியாகக் கோலை நோக்கி ஓடினான். எதிரே கோல்கீப்பர் மட்டும். அதெரித்தோ பின்னால் துரத்தினான். தைத்த முழங்கால் உள்ளே கத்தியைப் போல் குத்தியது. அந்த ஓட்டத்தில் அவன் தலைக்குள் மாதாவும் இல்லை, அட்டையும் இல்லை. நெட்டையன் கோல் போடக் கூடாது, அவ்வளவுதான். பெனால்டி கட்டத்துக்கு ஒரு முழம் வெளியே பாய்ந்து விழுந்து காலை நீட்டினான். நெட்டையன் புல்லில் மூன்று உருள் உருண்டான்.

விசில்.

பெலர்மீனோ நடந்தே வந்தார். அவசரப்படவில்லை. கோலுக்குத் தனியாகப் போகிறவனை வாரினால் நேராகச் சிவப்பு. பின் பாக்கெட்டிலிருந்து அதை எடுத்தார்.

"இதை நீ கேக்கல" என்றார். "அதான் குடுக்கறேன்."

அதெரித்தோவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "ஐயா! பந்தைத்தான் தொட்டேன்! மாதா மேல சத்தியமா பந்தைத்தான்! லைன்ஸ்மேனைக் கேளுங்க! இது அநியாயம்!" என்று கையை விரித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனான். அன்றைக்கு முழுக்க அவன் மனசாரப் போட்ட சண்டை அது ஒன்றுதான்.

"வாயை மூடிட்டு வெளிய வாடா கழுதை!" என்று கூட்டத்திலிருந்து கிராசியெத் கத்தியது கடற்கரை வரை கேட்டிருக்கும்.

நடுவழியில் நின்றான். அவளைப் பார்த்தான். சிவப்பு அட்டையைப் பார்த்தான். அப்புறம், விரித்த கையாலேயே பெலர்மீனோவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே வெளியே ஓடினான். அவர் கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். ஃப்ரீ கிக் சுவராய் நின்றவர்களின் மேல் பட்டுத் தெறித்தது. ஆட்டம் முடிந்தது. சல்கெய்ரா தப்பித்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவன் சப்பரத்தின் கீழே, இடது கம்பில், மூன்றாவது ஆளாக நின்றான். தெருவெல்லாம் பூவும் புல்லும் பரப்பியிருந்தார்கள். செராஃபிம் மெழுகுவத்தி வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, சப்பரம் கிட்டே வந்ததும் தொப்பியை எடுத்தார். மகனைப் பார்க்கவில்லை. சப்பரம் மட்டமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

மட்டமாக இல்லை. இவ்வளவு கனம் இருக்கும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. கம்பு எலும்பில் இறங்கியது. மூன்று அடி வைத்து ஒரு ஆட்டம், மூன்று அடி வைத்து ஒரு ஆட்டம் என்று அலையில் படகு போவதுபோல் நடக்க வேண்டும். அவன் கால் நாலாவது அடிக்குப் போய்விட்டது.

"எல்லாம் காலுதான் இருக்கு ஒனக்கு, தோள் எங்கடா?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் முனகினார்.

முன்னால் தூக்கியவர் பெர்னர்தீனோ, இழுவலைப் படகுக்காரர். அவர் ஒரு காதில் ரேடியோக் குழாய் செருகியிருந்தார்.

"ரெண்டு சைபர்" என்றார் திரும்பாமலே.

"யாருக்கு?"

"நமக்கு இல்ல."

பத்து அடி போனது.

"மூணு. நடுக்களத்துல ஆளே இல்லை, வாசலைத் திறந்து போட்ட வீடு மாதிரி இருக்குங்கறான் ரேடியோக்காரன்."

அதெரித்தோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. தோள் குலுங்கியது. மேலே மாதாவின் கிரீடம் ஆடியது. ஓரமாக நின்ற கிழவிகள் "ஐயோ அன்னையே" என்று நெஞ்சில் கை வைத்தார்கள். சப்பரத்தை நடத்திப் போகிற கோயில்காரர் தடியால் கம்பில் ஓங்கித் தட்டினார்.

"லாப்பா! என்ன அங்க?"

"ஒண்ணுமில்ல ஐயா. கனம்."

"ஒங்கப்பனுக்கு இதே கனந்தான் இருந்திச்சு. நட!"

"நடக்கறது இருக்கட்டும்" என்றார் பெர்னர்தீனோ. "இதோட நாலு தடவை என் குதிகாலை மிதிச்சிட்ட."

அதெரித்தோ தோளைக் கம்பில் இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்து, கீழே பார்த்து, அவர் காலை எடுத்த பிறகு தன் காலை வைத்தான்.