கொலுப்படியான கம்ப்யூட்டர்கள்

மனிதனுக்கு ஒரு பைத்தியம் வேண்டும் என்று பகவான் விதித்திருக்கிறார். எந்தப் பைத்தியம் என்பதை மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். ஜெயலக்ஷ்மியின் கணவர் சுப்பராமன் பழைய கம்ப்யூட்டர்களைத் தேர்ந்தெடுத்தார்.

அவருடைய ஆபீஸ் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்டிக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போனார்கள். சுப்பராமனும் கிண்டிக்குத்தான் போனார். ஆனால் அவர் பஸ் ரேஸ் கோர்ஸைத் தாண்டிப் போய், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த அப்துல் கய்யூமின் காயலான் கடையில் அவரை இறக்கிவிட்டது. அங்கே கம்பெனிகள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்கள் இரும்பு விலைக்கு, கிலோ கணக்கில் கிடைத்தன. பத்துப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டர் ஜாதகத்தில் அது சதாபிஷேகம் கண்ட வயது. ஒரு கூடை மாம்பழத்தைவிட மலிவு.

"ரேஸுக்குப் போறவன் பணத்தைத் தோத்துட்டு வெறுங்கையோட வரான். நான் ஏதாவது ஒண்ணைத் தூக்கிண்டுதானே வரேன்?" என்பார்.

"வெறுங்கையோட வரதுதான் உத்தமம். அவாத்துல உக்காரவாவது இடம் இருக்கு" என்பாள் ஜெயலக்ஷ்மி.

மயிலாப்பூரில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டில் குளியலறையைத் தவிர எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் இருந்தது. டி.வி.யில் சொருகி ஓட்டும் சின்னஞ்சிறு ரகம், பச்சை எழுத்துத் திரை ரகம், அப்பளம் அளவு ஃப்ளாப்பி போடும் ரகம். எல்லாவற்றையும் துடைத்து, பிரித்து, பற்றவைத்து ஓடவைப்பார். ஓடியதும் அது "வணக்கம்" என்று ஒரு வரி காட்டும். பிறகு அணைத்துவிடுவார். அவ்வளவுதான் அனுபவம். இதற்கு ஒரு மாசம்.

மதராஸ் சென்னையான அந்த வருஷம், பரணில் இடம் போதவில்லை என்று சுப்பராமன் கொலுப்படிப் பலகைகளைப் பால்கனியில் எடுத்து வைத்தார். மழையில் ஊறிக் கரையான் பிடித்துவிட்டது. நவராத்திரிக்கு முதல் நாள்தான் ஜெயலக்ஷ்மி பார்த்தாள்.

"ஏன்னா, இப்போ அம்பாளை எங்கே உக்காத்தி வைக்கறது? உங்க தலையிலயா?"

சுப்பராமன் தலையைத் தடவிக்கொண்டார். அது போதாது என்று தெரிந்தது. பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கண்ணில் ஒளி வந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் ஏழு படி எழும்பிவிட்டது. கனமான பெட்டிகள் அடியில், இளைத்தவை மேலே, நடுவில் பிளைவுட், எல்லாவற்றின் மேலும் வெள்ளை வேஷ்டி. தசாவதாரம், மீனாக்ஷி கல்யாணம், ராஸலீலை, மளிகைக்கடைச் செட்டியார் தம்பதி, எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஒரு ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. கீழ் வீட்டு ஹம்சா மாமி வந்து பார்த்தாள். கொலு, நோன்பு, தீட்டு விவகாரங்களில் அந்தத் தெருவுக்கே மாமிதான் சுப்ரீம் கோர்ட்.

"படி பேஷ்!" என்று தீர்ப்புச் சொன்னாள் மாமி. "உன் ஆத்துக்காரர் சேர்த்த குப்பைக்கெல்லாம் ஒரே நாள்ல மோட்சம் கெடச்சுடுத்து."

வெள்ளிக்கிழமை காலையில் கய்யூம் வந்தான். கூடவே வெள்ளைத் தாடியும் சோர்ந்த முகமுமாக இன்னொருவர்.

"இன்னா ஐயரே, ஒரே பேஜார். இவரு மெஹபூப் பாஷா, நம்ம தோஸ்து. மீர்சாகிப்பேட்டையில கல்யாணக் கார்டு பிரஸ் வச்சிருக்காரு. இவரு கம்ப்யூட்டரு மண்டையைப் போட்டுடிச்சு."

"எப்போ?" என்றார் சுப்பராமன், சொந்தக்காரர் சாவைக் கேட்பதுபோல.

"முந்தாநேத்து" என்றார் மெஹபூப் பாஷா. "உருது எழுத்து எல்லாம் அதுலதான் ஓடும். பெரிய ஃப்ளாப்பி. புதுக் கம்ப்யூட்டர்ல அதைப் போட வாயே கெடையாது, சார்."

"இவருக்கு அர்ஜென்டு" என்றான் கய்யூம். "சொல்லு பாய், வெக்கப்படாத."

அவர் சொன்னார். குல்ஷன் என்று அவருக்கு ஒரு தங்கை மகள். தாய் போனபின் அவர்தான் வளர்த்தார். வாணியம்பாடியில் மாப்பிள்ளை. மாப்பிள்ளை நல்ல பையன். மாப்பிள்ளைக்கு ஒரு பெரியப்பா இருந்தார்.

"அவருக்கு உருதுலதான் கார்டு வேணும். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வாங்கிட்டுப் போக வராங்க. இல்லேன்னா தேதியைத் தள்ளி வச்சுக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஏற்கெனவே ரெண்டு வாட்டி ஏதோ குத்தம் சொல்லித் தள்ளிட்டாரும்மா. மூணாவது வாட்டி தள்ளினா, அது தள்றது இல்லை. வேணாங்கறது."

"வேற பிரஸ்ஸுல?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"எல்லாம் சுத்திட்டேன். ஷாதி சீசன். ரெண்டு வாரம் ஆகும்னு கையை விரிச்சுட்டாங்க."

கய்யூம் சுப்பராமனின் தோளைத் தட்டினான். "அதே மாடல் ஒண்ணு உனக்கு எடைக்குப் போட்டேனே ஐயரே, அது இன்னும் கீதா?"

"இருக்கே! நன்னா ஓடறதே!" என்று துள்ளி எழுந்த சுப்பராமன் அப்படியே உட்கார்ந்தார். அவர் விரல் மெதுவாகக் கொலுவின் பக்கம் நீண்டது. முதல் படி, செட்டியார் கடைக்கு நேர் கீழே. அதன் முதுகின் மேல்தான் மற்ற ஆறு படியும் சாய்ந்திருந்தன.

எல்லோரும் ஜெயலக்ஷ்மியைப் பார்த்தார்கள்.

கலசம் வைத்த கொலுவை விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்கவைக்கும் வரையில் அசைக்கக் கூடாது. அசைத்தால் வீட்டுக்கு ஆகாது. மற்ற வருஷமாயிருந்தால்கூட யோசித்திருப்பாள். இந்த வருஷம் பெங்களூரில் அவளுடைய பெண் எட்டு மாதக் கர்ப்பிணி.

கீழே போய் ஹம்சா மாமியைக் கேட்டாள். மாமி வாயிலிருந்த வெற்றிலையைக்கூடத் துப்பவில்லை. "அசைக்கப்படாது" என்றாள்.

மேலே வந்து, மூன்று ஆண்களின் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் சமையலறைக்குள் போய்ச் சுண்டலைக் கிளறினாள். மற்றவர் கஷ்டத்துக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொள்ளத் தெரியாதவர்களுக்குச் சமையலறையில் நல்ல யோசனைகள் வரும். கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏன்னா, பொம்மையைத்தானே அசைக்கப்படாது? பொட்டியை ஓட்டப்படாதுன்னு மாமி சொல்லலையே?"

பகலில் ஜும்மா தொழுகை முடிந்ததும் மெஹபூப் பாஷா தன் பிரின்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சுப்பராமன் தரையில் குப்புறப் படுத்து, சுவருக்கும் படிக்கும் நடுவே கையை விட்டுத் திரை, கீபோர்டு, பிரின்டர் ஒயர்களைச் சொருகினார். முன்பக்க வேஷ்டியைத் திரைபோல் சுருட்டியதும் ஃப்ளாப்பி வாய் இரண்டும் எட்டிப் பார்த்தன. மெஹபூப் பாஷா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, செட்டியாரைப் பார்த்தபடி உருதுவில் அடிக்கத் தொடங்கினார். பெரிய எழுத்தாக அடித்து எடுத்து, பிரஸ்ஸில் படம் பிடித்துச் சிறிதாக்கினால் பிரின்டர் ஊசி குத்திய புள்ளிகள் தெரியாதாம்.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். கொலுவுக்கு வந்த எல்லாப் பெண்களும் கொலுவை நமஸ்காரம் செய்தார்கள். கொலுவுக்கு நேர் முன்னால் மெஹபூப் பாஷா இருந்தார்.

"யா அல்லாஹ்! எனக்கு வேணாம்மா, எனக்கு வேணாம்!" என்று ஒவ்வொரு தடவையும் அவர் பாயோடு பக்கவாட்டில் நகர்ந்தார். அரை மணியில் சமையலறை வாசலுக்கே போய்விட்டார். ஜெயலக்ஷ்மி அவரைத் திரும்ப இழுத்து வந்து உட்காரவைத்துக் கையில் சுண்டலைக் கொடுத்தாள்.

பிரின்டர் கர்ர்ர் என்று அடித்துப் பார்த்தபோது ஏழு படியும் அதிர்ந்தன. அத்தனை வருஷமாக நின்றபடியே இருந்த ராஸலீலைக் கோபியர் அன்றுதான் உண்மையாக ஆடினார்கள்.

"கொலுவுக்கு வந்தவா பாடாமப் போகப்படாது, பாய்" என்றாள் ஒரு மாமி.

"என் தொண்டையும் இந்த பிரின்டர் மாதிரிதாம்மா."

"அப்போ இதையே பாட்டுன்னு வச்சுக்கறோம். தாளம் சுத்தமா இருக்கு."

சனிக்கிழமை காலையில்தான் விபரீதம். மாப்பிள்ளை வீட்டார் பெயர்கள் முடிந்து, 'குல்ஷன்' என்று அடித்ததும் திரை நின்றுபோனது. அணைத்துப் போட்டார்கள். கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடி நின்றது. சுப்பராமன் பெட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். தோசை வார்க்கலாம்போல் இருந்தது.

"மூச்சு முட்டறது" என்றார். "மூடியைக் கழட்டி நாலு பக்கமும் காத்து படணும். அதுக்கு..." மேலே சொல்லாமல் ஏழு படியையும் அண்ணாந்து பார்த்தார். மனைவியைப் பார்க்கத் தைரியம் இல்லை.

மெஹபூப் பாஷா ஃப்ளாப்பிகளைச் சத்தமில்லாமல் உறையில் போட ஆரம்பித்தார். "பரவால்லம்மா. நீங்க இவ்ளோ செஞ்சதே பெருசு. அந்தப் பெரியவர் கால்ல வுழுந்து பாக்கறேன்."

ஜெயலக்ஷ்மி அவருடைய தாடியைப் பார்த்தாள். அந்தத் தாடி யாரோ ஒரு பெரியப்பாவின் காலடியில் கிடப்பதை நினைத்துப் பார்த்தாள். பெங்களூரையும் நினைத்தாள். பிறகு கலசத்தின் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா தாயே, நீயே பாத்துண்டுதானே இருக்கே? கோவம் வந்தா என்மேல காட்டு. குழந்தைகள் மேல காட்டாதே. யார் பெத்த குழந்தையானாலும்." சற்று நிறுத்தி, "இப்போ கொஞ்சம் எழுந்துக்கோ" என்றாள்.

கலசம் பூஜை அலமாரிக்குப் போனது. அதன் பின்னால் தேவலோகமே இடம் பெயர்ந்தது. தசாவதாரம் சோபாவில். மீனாக்ஷி கல்யாணம் ஃப்ரிட்ஜ் மேல். கோபியர் முறத்தில் நெருக்கி அடித்துக்கொண்டார்கள். உதவிக்கு வந்திருந்த கய்யூம் செட்டியார் தம்பதியைக் கையில் வைத்துக்கொண்டு, "நைனா, சம்சாரத்தைக் கெட்டியாப் புட்ச்சிக்கோ" என்று பொம்மைக்குப் புத்தி சொன்னான்.

அந்த நேரம் பார்த்து ஹம்சா மாமி வந்தாள். தனியாக வரவில்லை. கோபாலபுரத்துச் சம்பந்தியை, 'கம்ப்யூட்டர் கொலு' காட்டுவதற்காகக் கூட்டிவந்திருந்தாள்.

வாசலில் நின்றாள். ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். முறத்தைப் பார்த்தாள்.

"என்னடி இது? பகவான் வாடகை பாக்கி வச்சுட்டாரா?"

ஜெயலக்ஷ்மி எல்லாவற்றையும் சொன்னாள். மாமி பொரிந்து தள்ளினாள். கலிகாலம் என்றாள், இந்தக் காலத்துப் பெண்கள் என்றாள், சுப்பராமனை விறகுக்கட்டை என்றாள். மெஹபூப் பாஷாவுக்குத் தாங்கவில்லை. பாயைச் சுருட்டினார்.

"எங்கே எழுந்துக்கறேள்?" என்று மாமி அவர் பக்கம் திரும்பினாள். "பொண்ணு பேரைப் பாதியில விட்டுட்டு எழுந்துக்கறது எந்த சாஸ்திரம்? உக்காருங்கோ!"

அவர் உட்கார்ந்துவிட்டார். மாமி சொன்னால் மலையும் உட்காரும்.

மூடி கழற்றிய பெட்டி கூடத்து நடுவில் வைக்கப்பட்டது. மின்விசிறியைப் போட்டால் காகிதமெல்லாம் பறந்தது. நிறுத்தினால் பெட்டி கொதித்தது. மாமி ஒரு முனகலோடு தரையில் உட்கார்ந்து, அம்பாளுக்கு விசிறுகிற மயிற்பீலி விசிறியை எடுத்துப் பெட்டிக்கு வீசத் தொடங்கினாள். வீசிக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே வீசினாள். கை ஓய்ந்தபோது சம்பந்தியிடம் கொடுத்தாள். சம்பந்திக்கு மறுக்க வழி இல்லை. கொலு பார்க்க வந்தவள் கம்ப்யூட்டருக்குச் சாமரம் வீசினாள்.

கடைசித் தாள் வெளியே வந்ததும் மெஹபூப் பாஷா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கய்யூம் பிடுங்கிக்கொண்டு பிரஸ்ஸுக்கு ஓடினான்.

"நீங்களும் போங்கோ பாய்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"அங்கே ஆளுங்க பாத்துப்பாங்க. கலைச்சது எங்களுக்காக. அடுக்காமப் போனா நல்லாவா இருக்கும்?"

படிகள் திரும்ப எழுந்தன. ஜெயலக்ஷ்மி நைவேத்தியத்துக்கு அடுப்பை மூட்டப் போனபோது தசாவதாரத்தை அவரிடம் ஒப்படைத்தாள். ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் நம்பர் எழுதியிருந்தது. அவர் ஒன்று, இரண்டு என்று பார்த்துப் பார்த்து, துடைத்துத் துடைத்து வைத்தார். ஹம்சா மாமிதான் முதலில் கவனித்தாள்.

"ஜெயா! கல்கி எப்படிடீ முன்னால வந்தார்?"

மெஹபூப் பாஷா பதறினார். "தப்பாம்மா? நம்பர் பாத்துத்தானே வச்சேன்!"

நம்பர் சரிதான். வாழ்நாளெல்லாம் உருது அடித்த கை, ஒன்றை வலது கோடியில் வைத்து இடப்பக்கமாக நடந்திருந்தது. அவர் சட்டென்று கல்கியை எடுக்கக் குனிந்தார்.

"அசைக்கப்படாது!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஜெயலக்ஷ்மிக்கு எதிலும் மனம் ஓடவில்லை. உப்பு இரண்டு தடவை போட்ட ரசத்தைச் சுப்பராமன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். விளக்கேற்றி வெகுநேரம் கழித்து மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தாள். மெஹபூப் பாஷா மூச்சு வாங்க நின்றார்.

"கார்டு?"

"எடுத்துக்கினு போயிட்டாங்கம்மா. எல்லாக் கட்டும்."

"அந்தப் பெரியப்பா வந்தாரா? என்ன சொன்னார்?"

"வந்தாரு. கண்ணாடியைப் போட்டுக்கினு முதல் எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் படிச்சாரு. திருப்பியும் படிச்சாரு. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு." அவர் தாடிக்குள் சிரிப்பு மெதுவாகப் பரவியது. "ஒரு தப்புகூட இல்லைம்மா. ரொம்ப வருத்தமாப் போயிட்டாரு, பாவம்."