கரையாத பை

சுபாஜினியின் பைகள் செத்தவர்களுக்கானவை. தகனம் செய்தவர்களின் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்கப் போகிறவர்கள் பொலித்தீன் பையையும் சேர்த்து வீசிவிட்டு வருவதைக் கண்டு அவளுக்கு எரிச்சல் வந்தது. கொக்குவிலில் வீட்டின் பின்னறையிலேயே மரவள்ளி மாவையும் தண்ணீரில் கரையும் பிளாஸ்ரிக்கையும் சேர்த்து உருக்கி, சாம்பலோடு தானும் கரைந்துபோகும் பைகளைச் செய்யத் தொடங்கினாள்.

முதலில் செய்தவை கையிலேயே கிழிந்தன. நடுவழியில் தகப்பன் றோட்டில் கொட்டுண்டால் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. முகப்பவுடருக்குப் போடும் மாக்கல் தூளில் கொஞ்சம் கலந்தாள். உருகிய பிளாஸ்ரிக் இறுகும்போது அந்தத் தூளைப் பற்றிக்கொண்டு கற்கண்டில்போல நுண்ணிய பளிங்குகள் வளரும். பளிங்கு கூடினால் பலம் கூடும், கரைவது குறையும். அதனால் அளவோடுதான் போட்டாள். வெறும் பையை உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள், கரைந்தது. வாங்குகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை சொன்னாள். ஈரம் பட்டால் பை இளகிவிடும். ஆகவே தகனத்தின் மறுநாள் காடாற்றப் போகும்போது வழக்கம்போலப் பாலும் தண்ணீரும் ஊற்றிச் சாம்பலை ஆற்ற வேண்டாம், உலர்ந்தபடியே அள்ளிப் போடுங்கள்.

கணவன் தனோஜன் மாரடைப்பில் போனபோது அவனுக்கும் ஒரு பை செய்தாள். அழுதழுது விளிம்பை இருமுறை ஒட்டினாள். தம்பி பிரணவன் சாம்பலை அள்ளிக் கொண்டுபோய்க் கடலில் விட்டான். அவர் நல்லபடி கரைந்துவிட்டார் என்ற ஒரே ஆறுதலில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காக இருவரும் கீரிமலைக்குப் போனார்கள். பட்டப்பகலில், பாறைகளுக்கிடையில் அது கிடந்தது. கண்ணாடிபோலத் தெளிந்திருந்த பை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. விளிம்பில் இரட்டை ஒட்டு. பிரணவன் அதை எடுத்துத் தூர வீசினான். அலை திருப்பிக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தது. மறுபடி வீசினான். மறுபடி வந்தது.

"அத்தானுக்குப் போக மனமில்லையக்கா."

"விசர்க் கதை கதையாதை. சாம்பலைச் சுடச்சுடவே அள்ளிப் போட்டனீ என்ன?"

"ஓம். நீங்கள்தானே ஆத்த வேண்டாமெண்டனீங்கள்."

அவளுக்கு எல்லாம் விளங்கியது. மாக்கல் தூள் இடம் கொடுக்க, தணற்சூடு பட்டுப் பளிங்கு பை முழுக்க வளர்ந்து இறுகிவிட்டது. தன் வாயால் சொல்லித் தன் கையாலேயே அவனை அடைத்து வைத்திருக்கிறாள். இழுத்தாள், கடித்தாள், கிழியவில்லை. கல்லால் ஓங்கி அடிக்க ஓடுபோல வெடித்தது. உள்ளே விட்ட கையை வெடுக்கென்று இழுத்தாள். ஒரு மாதம் கடலில் கிடந்த சாம்பல் இன்னும் சுட்டது.

கிரியைக்கென்று கொண்டுவந்த பாற்செம்பைப் பறித்து ஊற்றினாள். யாரோ பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. சாம்பல் குளிர்ந்து அலையோடு போனது. இம்முறை திரும்பி வரவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள்.

"வாங்கோ அக்கா, ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"தம்பி, பால் இன்னும் இருக்கோ?"

"ஏன்?"

அவள் கடலைக் காட்டினாள். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. அவள் விற்ற பைகள் வெள்ளை வெள்ளையாய், அந்தக் காற்றை எதிர்த்து, அவளிடம் வந்துகொண்டிருந்தன.