பானெட்டில் காது வைப்பவர்

அன்றைக்கும் என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்து காதைக் கொடுத்தார். லாரி ஓட்டியே தலை நரைத்தவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். அதுவரை பார்த்த பழைய கார்களை எல்லாம் அப்படித்தான் கழித்துக்கட்டினார். ஒன்றுக்கு இருமலாம், இன்னொன்றுக்கு மூட்டுவலியாம். புரோக்கர் என் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. பார்வை மங்கிப்போனதால் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் வாங்கினால் ஓட்டப்போவது நான். பக்கத்தில் சும்மா உட்காரப்போவது அவர். ஆனால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் இருக்கிறது. முடிந்து வெளியே வரும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பார். விடுதிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்த உடம்போடு இரண்டு பஸ் மாற வேண்டும். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் வெறுந்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போதும். இனிமே நான் டயாலிசிஸுக்கு வரல," என்றார்.

அன்றிலிருந்து நானே விளம்பரங்களைப் பார்த்துக் கார் தேடத் தொடங்கினேன்.

இந்தக் காரை விற்றவர் ஒரு பள்ளி ஆசிரியை. மகள் இருக்கும் ஊருக்கே குடிபோகிறார். எங்களுக்குக் கார் எதற்கென்று போனிலேயே சொல்லியிருந்தேன். ப்ளக்-இன் ஹைப்ரிட், வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், அது தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும் என்று விளக்கினார். என் வீட்டுக்காரரோ எதையும் காதில் வாங்காமல், ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஆசிரியை பட்டனை அழுத்தினார். இவர் இன்னும் குனிந்தார். மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அது எப்போதோ ஸ்டார்ட் ஆகிவிட்டது என்றார் ஆசிரியை. வண்டிக்கு உயிரே இல்லை என்று இவர் சந்தோஷமாக நிமிர்ந்தார். ஆசிரியை பானெட்டை மூடிவிட்டு உள்ளே ஏறி, காரைக் கொஞ்சம் முன்னே நகர்த்திக் காட்டினார். சத்தமே இல்லை. அத்தனை வருஷ அனுபவமும் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. நான் சிரிப்பை அடக்கத் தும்முவதுபோல் நடித்தேன்.

குறை ஒன்றும் அகப்படாமல் டயரைச் சுற்றிச் சுற்றி வந்தவரிடம் ஆசிரியையே பேச்சை எடுத்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன். முன்ன மாதிரி சார்ஜ் நிக்கறதில்ல. ஆஸ்பத்திரி வரைக்கும் போகலாம். திரும்பி வரப் பெட்ரோல்தான். வாங்கினப்புறம் வருத்தப்படக் கூடாது பாருங்க."

எனக்குப் பகீரென்றது. இவர் தேடிக்கொண்டிருந்த சாக்கை அந்த அம்மாளே எடுத்துக் கொடுத்துவிட்டார். இவரோ டயரை விட்டுவிட்டு ஆசிரியை பக்கம் திரும்பினார்.

"குறையச் சொல்லி வண்டி விக்கிறவங்கள இப்பத்தான் பாக்குறேன்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ஓட்டிப் பாரு," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வாழ்க்கையில் அந்த இரண்டு வார்த்தைக்கு நான் சந்தோஷப்பட்ட மாதிரி வேறெதற்கும் பட்டதில்லை.

அடுத்த டயாலிசிஸுக்கு அந்தக் காரில்தான் போனோம். திரும்பும்போது, ஆசிரியை சொன்னபடியே, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் சார்ஜ் தீர்ந்து எஞ்சின் உறுமத் தொடங்கியது. போச்சு, இப்போது நோய் கண்டுபிடிப்பார் என்று பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிப்போட்டு, தலை ஒரு பக்கம் சாய, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவர் கண்ணை மூடியதாகச் சரித்திரமே கிடையாது. அந்த டீச்சரம்மா எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். இவருக்கும் உள்ளுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு வாசல் வந்தது. நிறுத்தினால் விழித்துக்கொள்வார். இண்டிகேட்டரைப் போட்டு அடுத்த தெருவுக்குள் திருப்பினேன்.